மண்கூட்டை உடைத்துப் பார்த்தல்

டால்ஸ்டாய் பண்ணையில் பாடம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் நடந்திருக்கிறது. 1910இல் ஹெர்மன் காலன்பாக் கொடுத்த நிலம் அது. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல், பரப்பு ஏறத்தாழ 1,100 ஏக்கர். சிறைக்குப் போன சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே குடியிருந்தன. காலையெல்லாம் பெரியவர்களும் பிள்ளைகளும் குழி வெட்டி, விறகு பிளந்து, தண்ணீர் சுமந்து, சமைத்துச் சாப்பிட்டு, அதன் பிறகு பாடத்துக்கு உட்கார்ந்தால் தூக்கம் வராமல் என்ன செய்யும்? பிள்ளைகளுக்கும் கண் சொக்கியது, வாத்தியாருக்கும் சொக்கியது. கண்ணில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்ததாக வாத்தியாரே பின்னாளில் எழுதியிருக்கிறார். வாத்தியார், மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. அவர் எடுத்த பாடங்களில் ஒன்று தமிழ்.

அவருக்கு எவ்வளவு தமிழ் தெரியும்? கப்பலிலும் சிறையிலும் ஜி.யு. போப்பின் தமிழ்க் கையேட்டை வைத்துக்கொண்டு தானே படித்த அளவு. எதிரே உட்கார்ந்திருந்ததோ தென்னாப்பிரிக்காவில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள். வீட்டில் பேச்சுத் தமிழ் காதில் விழுந்து வளர்ந்தவர்கள், ஆனால் எழுத்து தெரியாது. வாத்தியாருக்கு எழுத்து தெரியும், பேச்சு வராது. இங்கிலீஷ் தெரியாத தமிழர் யாராவது அவரைப் பார்க்க வந்தால் இந்த மாணவர்கள்தான் இடையில் நின்று பேசிக் கொடுப்பார்கள். அதாவது, காலையில் வாத்தியாருக்குத் துபாஷி, மதியம் அவரிடமே 'அ' எழுதப் பழகும் மாணவன். தனக்குத் தெரியாததை அந்தப் பிள்ளைகளிடம் ஒருநாளும் மறைத்ததில்லை என்றும், அதனால்தான் தன் வண்டி ஓடியது என்றும் சத்திய சோதனையில் சொல்லியிருக்கிறார். பாடப்புத்தகம் பெரிதாகத் தேவைப்படவே இல்லையாம். செருப்புத் தைப்பதும் இதே கணக்குதான். காலன்பாக் டிராப்பிஸ்ட் மடத்துக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தார், அவரிடமிருந்து காந்தி கற்றார், காந்தியிடமிருந்து பிள்ளைகள். வாத்தியார் செய்யாத வேலையைப் பிள்ளைகளைச் செய்யச் சொல்வதில்லை என்பது பண்ணையின் நடைமுறை.

மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டில் வைத்துக்கொண்ட எங்களைப் போன்ற பெற்றோர் எல்லோருக்கும் பிடித்துப்போகிற பக்கங்கள் இவை. ஹோம்ஸ்கூலிங் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் கொஞ்ச நேரத்தில் தாகூர் வருவார், டால்ஸ்டாய் பண்ணை வரும். அடுத்து வரவேண்டிய பெயரை மட்டும் யாரும் சொல்வதில்லை. ஹரிலால்.

1897 ஜனவரியில் காந்தி குடும்பத்தோடு டர்பனில் இறங்கியபோது மூத்தவன் ஹரிலாலுக்கு 9 வயது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் இவருடைய பிள்ளைகளுக்கு மட்டும் விதிவிலக்காக இடம் கிடைத்திருக்கும். மற்ற இந்தியப் பிள்ளைகளுக்குத் திறக்காத கதவு தன் பிள்ளைகளுக்கு மட்டும் திறக்க வேண்டாம் என்று அவர் மறுத்தார். மறுக்க முடியாத நியாயம். பிறகு மாதம் ஏழு பவுனுக்கு ஓர் ஆங்கிலப் பெண்மணியை வைத்துப் பார்த்தார், திருப்தியில்லை. மீதியைத் தானே பார்த்துக்கொள்வதாக முடிவு. ஆனால் நேரம் ஏது? வக்கீல் தொழில், பத்திரிகை, போராட்டம். பின்னாளில் ஜோகன்னஸ்பர்க்கில் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு நடந்து போகும்போதும் வரும்போதும் பிள்ளைகளோடு பேசிக்கொண்டே நடந்தாரே, அதுதான் அவர்களுக்கு வகுப்பு. அந்த நடையிலும் ஹரிலால் இல்லை. அப்போது அவன் இந்தியாவில் இருந்தான்.

திரும்பி வந்த ஹரிலால் அப்பாவின் போராட்டத்தில் இறங்கிப் பலமுறை சிறைக்குப் போனார். சின்ன காந்தி என்றே ஜனங்கள் கூப்பிட்டார்கள். அவர் கேட்டது ஒன்றுதான்: படிக்க வேண்டும், அப்பாவைப் போல லண்டனுக்குப் போய். காந்தியின் நண்பர் பிராண்ஜீவன் மேத்தா அதற்குப் பணம் தரத் தயாராக இருந்தார். காந்தி அந்த வாய்ப்பை முதலில் உறவுக்காரர் சகன்லாலுக்கும் பிறகு சக சத்தியாக்கிரகி சொராப்ஜிக்கும் கொடுத்தார். 1911இல் ஹரிலால் வீட்டை விட்டுக் கிளம்பினார். அகமதாபாத்துக்கு வந்து, கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்த பிறகு, தன்னைவிடச் சின்னப் பையன்களோடு மெட்ரிகுலேஷனுக்குப் படித்தார். தேறவில்லை. 1915இல் தந்தைக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதி அச்சடித்தார். நாங்கள் சொல்வதை நீங்கள் காதுகொடுத்துக் கேட்டதே இல்லை என்பதுதான் அதில் ஓடும் குறை. பிறகு நடந்ததெல்லாம் ஊருக்கே தெரியும்: வியாபார நஷ்டம், குடி, கடைசியில் 1948 ஜூனில் பம்பாயில் ஓர் ஆஸ்பத்திரிச் சாவு.

ஒரே மனிதர்தான். பண்ணையில் தனக்குப் பாதி மட்டுமே தெரிந்த மொழியை ஊரார் பிள்ளைகளுக்குக் கற்பித்தபோது அவர் நல்ல வாத்தியார். தன் பிள்ளைக்கு எது கல்வி என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. தன் பிள்ளைகள் எழுத்துப் படிப்பில் இழந்தார்கள், சுதந்திரத்திலும் சுயமரியாதையிலும் பெற்றார்கள் என்று சத்திய சோதனையில் அவர் கணக்கு முடிக்கிறார். அந்தக் கணக்கைப் பார்க்கவேண்டியவர் ஹரிலால் என்று எனக்குத் தோன்றும். கஸ்தூர்பாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். 1901இல் நேட்டாலிலிருந்து புறப்படும்போது பரிசாக வந்த நகைகளை எல்லாம் காந்தி திருப்பிக் கொடுக்கப் பார்த்தபோது, இப்போதே என் பிள்ளைகளைச் சாமியாராக்கப் பார்க்கிறீர்களா என்கிற மாதிரி அந்த அம்மாள் சண்டை போட்டிருக்கிறார். சத்திய சோதனையில் நான் திரும்பத் திரும்பப் படிக்கிற இடம் அது. வீட்டுக் கல்வி பற்றிய புத்தகங்களில் அப்பாக்கள் தத்துவம் பேசுவார்கள். பிள்ளை பகல் முழுக்க வீட்டில் இருந்தால் கூட இருக்கப்போவது யார் என்பது கஸ்தூர்பாக்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒரு பரீட்சையில், காகம் எங்கே கூடு கட்டும் என்று கேட்டிருந்தார்கள். செல்போன் டவரில் என்று எழுதியிருந்தாள். எங்கள் தெருமுனை டவரில் வருஷா வருஷம் காகம் கட்டுகிறது, கம்பித்துண்டுகளைக்கூடச் சேர்த்துக் கட்டும், மொட்டை மாடியிலிருந்து பார்க்கலாம். விடையைச் சிவப்பு மையில் அடித்து 'மரத்தில்' என்று எழுதியிருந்தது. ஆசிரியையை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு வகுப்பின் விடைத்தாள் முழுவதையும் இரவு உட்கார்ந்து திருத்துகிறவருக்குக் காக்கையோடு வாதாட நேரம் இருக்காது. என்னை உறுத்தியது பிறகு நடந்தது. அடுத்த வாரம் மாடியில் துணி காயப்போடும்போது, "அங்க பாரு, கூட்டுல குஞ்சு இருக்கும் போல" என்றேன். "அது கூடு இல்லம்மா. கூடு மரத்துலதான் இருக்கும்" என்றாள் மகள். விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

ஜான் ஹோல்ட் இதைத்தான் பக்கம் பக்கமாக எழுதியவர். அமெரிக்கப் பள்ளி ஆசிரியர். வகுப்பில் பிள்ளைகள் கணக்கைப் பார்ப்பதில்லை, ஆசிரியரின் முகத்தைப் பார்க்கிறார்கள், எந்த விடைக்கு அந்த முகம் மலரும் என்று தேடுகிறார்கள் என்பதை நாள்குறிப்பாகவே எழுதி 1964இல் புத்தகமாக்கினார். முதலில் பள்ளிகளைத் திருத்திவிடலாம் என்று நம்பினார், பிறகு நம்பிக்கை விட்டுப்போய் 1977இல் வீட்டில் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோருக்காக ஒரு பத்திரிகையே ஆரம்பித்தார். அவரைப் படித்துத்தான் எனக்குத் துணிச்சல் வந்தது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், ஹோல்ட்டுக்குப் பிள்ளைகள் கிடையாது. அது எழுத்தில் தெரியும். அம்மாவின் முகத்தையும் பிள்ளை அப்படித்தான் பார்க்கும் என்பதை அவர் போதுமான அளவு சொல்லவில்லை.

மகளை நிறுத்திவிட்டோம் என்று சொன்னபோது என் மாமியார் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துபோனார். அத்தை ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஆலங்குளம் பக்கத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்தவர். இரண்டு நாள் கழித்துத்தான் பேசினார்.

"எங்கம்மாவ வீட்லயே உக்கார வச்சுட்டாங்க. நான் பள்ளிக்கூடம் போறதுக்கு எங்கப்பாகிட்ட எவ்வளவு அழுதிருப்பேன் தெரியுமா? நீ என்னடான்னா போய்ட்டிருந்த பிள்ளையக் கூட்டிட்டு வந்து வீட்ல வச்சிருக்க."

என்னிடம் பதில் இல்லை. இன்றும் முழுப் பதில் இல்லை. அத்தை வேலை பார்த்த ஊர்களில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள். பள்ளிக்கு வராத பிள்ளைகளைக் கணக்கெடுக்க அத்தை தெருத்தெருவாகப் போனபோது அம்மாவுக்குப் பக்கத்தில் மகளும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஈரத்தில் பதப்படுத்திய இலையைத் தகரத்தை வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளைப் போட்டு உருட்டி, நுனியை விரலால் மடக்கி நூல் சுற்றுவதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. எட்டு வயதுப் பிள்ளையின் விரல் அம்மாவின் விரலைவிட வேகமாக மடக்கும். பார்த்துக் கற்றது, செய்து கற்றது, பாடப்புத்தகம் இல்லை, பரீட்சை இல்லை. அனுபவக் கல்வி என்று நாங்கள் கொண்டாடும் இலக்கணம் எல்லாம் அந்தத் திண்ணையில் குறைவில்லாமல் இருந்தது. அந்தத் திண்ணையிலிருந்து பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிப்போவதுதான் அத்தையின் வேலை. ஒவ்வொரு வீட்டிலும் அம்மாக்களோடு மல்லுக்கட்டித்தான் அதைச் செய்திருக்கிறார்.

பெற்றோரிடம் கற்பது என்கிற பேச்சைத் தமிழ்நாட்டில் யார் எடுத்தாலும் 1953 குறுக்கே வந்து நிற்கும், நிற்கவும் வேண்டும். ராஜாஜியின் தொடக்கக் கல்வித் திட்டப்படி பிள்ளைகளுக்குப் பள்ளியில் மூன்று மணி நேரம்தான், மீதி நேரம் வீட்டில் அப்பாவின் தொழிலைக் கற்க வேண்டும். காந்தியின் ஆதாரக் கல்வியைத்தான் அவர் மனதில் வைத்திருந்தார். ஆனால் வீடு என்றால் இங்கே சாதி என்பதை எதிர்த்தவர்கள் ஒரு நொடியில் கண்டுகொண்டார்கள். குலக்கல்வி என்று அவர்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது. 1954இல் ராஜாஜி விலகி, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவரான காமராஜர் முதலமைச்சராகி அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். அந்தச் சண்டையில் ஜெயித்தவர்கள் பக்கம்தான் நானும். பிறகு என் வீட்டுக்குள் நான் செய்துகொண்டிருப்பது என்ன என்று கேட்டால், வீட்டில் புத்தகம் இருக்கிறது, பிழைதிருத்தும் வேலையை வீட்டிலிருந்தே செய்கிறேன், மாதம் பிறந்தால் கணவரின் மின்வாரியச் சம்பளம் வருகிறது, அதனால் முடிகிறது. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது எங்கள் வீட்டில் எதுவும் மாறவில்லை. பக்கத்துத் தெருவில் மதியச் சாப்பாடே நின்றுபோனது. மறு வருஷம் அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி என்று அரசு தன்னார்வலர்களைத் தெருவுக்குள் அனுப்பிச் சாயந்திர வகுப்பு நடத்தவேண்டி வந்தது. வீடே நல்ல பள்ளி என்று பொதுவில் எழுதுகிறவர்கள் இந்தத் தெருவைத் தாண்டித்தான் எழுத வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒரு குளவி நடத்திய பாடத்தையும் சொல்ல வேண்டும். தையல் மெஷின் மூடியின் பின்பக்கம் ஒரு குளவி மண்ணால் சின்னச் சின்னப் பானைகளாகக் கூடு கட்டியிருந்தது. பச்சைப் புழுவைத் தூக்கிக்கொண்டு வந்து திணித்து, வாயை மண்ணால் மூடிவிட்டுப் போகும். மகள் பெஞ்சில் குப்புறப் படுத்துக்கொண்டு அதையே பார்ப்பாள். வாய்ப்பாடு ஒப்பிக்க அவளைக் கூப்பிட வந்த அத்தை, அவளுக்கு ஆச்சி, கூட்டைக் காட்டியே பாடம் நடத்தினார். "பாத்தியா, இந்தக் குளவி அந்தப் புழுவக் கொட்டிக்கிட்டே இருக்கும். கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாயிரும். அது மாதிரிதான், சொல்லச் சொல்லத்தான் வாய்ப்பாடு வரும்."

அத்தை மட்டும் சொன்னதில்லை இது. குருவின் உபதேசம் சீடனைத் தன்னைப் போலவே ஆக்கிவிடும் என்பதற்குப் பிரமர கீட நியாயம் என்று சாஸ்திரம் படித்தவர்கள் காட்டும் பழைய உவமை. சைவ சித்தாந்தத்திலும் வரும், வேதாந்தத்திலும் வரும். நம் ஊரில் கற்பித்தல் என்றால் என்ன என்பதற்கு இதைவிட ஆழமாக ஊறிய படம் வேறு கிடையாது. பிள்ளை ஒரு புழு. கொட்டுகிறவர் குளவி. கொட்டு வலிக்கும், ஆனால் சிறகு முளைக்கும்.

மகள் கேட்டாள், "கூடுதான் மூடியிருக்கே ஆச்சி, உள்ள போய் எப்படிக் கொட்டும்?"

ஆச்சி பதில் சொல்லவில்லை. மறுநாள் மகள் ஒரு கொண்டை ஊசியை எடுத்து ஒரு பானையை மட்டும் உடைத்தாள். நான் தடுக்கவில்லை. உள்ளே நாலைந்து பச்சைப் புழுக்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. புல்லால் தொட்டால் ஒன்று லேசாக நெளிந்தது, நகரவில்லை. அவற்றில் ஒன்றின் மேல் மஞ்சளாக, அரிசி மணியைவிடச் சின்னதாக, இன்னொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அப்படியே பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் வைத்துத் துணியால் மூடினாள். தினம் காலையில் எழுந்ததும் பாட்டில்தான். மஞ்சள் புழு பெருத்துக்கொண்டே போனது, பச்சைப் புழுக்கள் ஒவ்வொன்றாகத் தோலாகிக்கொண்டே வந்தன. நோட்டில் படம் போட்டுத் தேதி எழுதி வைத்தாள். நான் சொல்லித்தான் தேதி போட்டாள், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். படம் அவளுடையது. பாட்டிலில் இருந்தது கொஞ்ச நாளில் கறுத்துச் செத்துப்போனது. உடைக்காமல் விட்ட பானைகளில் ஓட்டை விழுந்து குளவிகள் வெளியே போயிருந்தன.

"புழு குளவியா மாறல. குளவிக்குஞ்சுதான் குளவியாச்சு. பச்சைப் புழு அதுக்குச் சோறு" என்று ஆச்சியிடம் போய்ச் சொன்னாள்.

அத்தை கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபித்துக்கொள்வாரோ என்று நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "அப்போ அந்தப் பச்சைப் புழு உசுரோட இருந்துச்சா, செத்திருந்துச்சா? செத்திருந்தா நாறியிருக்குமே" என்றார். அருமையான கேள்வி. மகளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. மூன்று பேரும் உட்கார்ந்து தேடினோம். பிரான்ஸில் பள்ளி ஆசிரியராக இருந்த ழான் அன்ரி ஃபாப்ர் இதே கேள்வியோடு வெயிலில் படுத்துக் குளவிகளைப் பார்த்துக்கொண்டே வயதானவர், பார்த்ததை 10 தொகுதிகளாக எழுதியவர். குளவி கொட்டுவது கொல்வதற்காக இல்லை. புழு அசையாமல் கிடக்க வேண்டும், ஆனால் கெட்டுப்போகாமலும் இருக்க வேண்டும், அதற்காக. அத்தை வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாவி" என்றார். குளவியைத்தான்.

எத்தனை நூற்றாண்டுகளாக எத்தனை ஞானிகள் அந்தக் கூட்டைப் பார்த்திருப்பார்கள்! உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி, ஆகவே புழுதான் குளவியாயிற்று. நடுவில் மண் இருந்தது. உபதேசத்துக்கு மிகவும் தோதாக இருந்த ஒரு முடிவை மண்ணை உடைத்துப் பார்த்துக் கெடுத்துக்கொள்ள யார் விரும்புவார்கள்? கல்வியைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான். பள்ளிக்குள் ஒரு பிள்ளை போகிறது, சான்றிதழோடு வெளியே வருகிறது, ஆகவே பள்ளி படிக்க வைத்தது. எங்கள் தரப்பும் இதில் சளைத்ததில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழ்கூட இல்லாமல், கணினி ஒலிம்பியாட் பதக்கங்களின் பலத்தில் 2016இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்த மும்பைப் பெண்ணின் கதையை ஹோம்ஸ்கூலிங் பெற்றோர் எல்லோரும் ஒருவருக்கொருவர் வாட்ஸப்பில் அனுப்பியிருப்போம். அந்தப் பெண் கெட்டிக்காரி, சந்தேகமில்லை. ஆனால் நாம் அனுப்புவது வெளியே வந்த குளவியின் படத்தை மட்டும். மூடிய வீட்டுக்குள் நடந்தது அந்தப் பெண்ணுக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும்.

கூட்டை உடைத்தவளுக்குத் தோன்றாத ஒன்று எனக்குத் தோன்றி, அதிலிருந்து விடுபட முடியவில்லை. அந்தப் பச்சைப் புழு ஹரிலால் இல்லையா? அசையாமல், கெடாமல், வேறொருவரின் வளர்ச்சிக்காக ஓர் இருட்டறையில் வைக்கப்பட்டவன். சத்தியாக்கிரகம் என்கிற பெரிய காரியத்துக்கு அவன் உணவானான் என்று சொன்னால் காந்திக்கு அநியாயம் செய்கிறோமோ என்னவோ. என் காரியம் அவ்வளவு பெரியது இல்லை. ஆனாலும் நாலு பேர் முன்னால் "எங்க பொண்ணு ஸ்கூலுக்குப் போறதில்ல, அவளே கத்துக்கறா" என்று சொல்லும்போது என் குரலில் ஏறும் பெருமிதம் யாருக்கான சாப்பாடு என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

வாய்ப்பாட்டு விஷயத்தில் அத்தை பக்கம்தான் நான், சொல்லிவிடுகிறேன். சுயமாகக் கற்றல் என்ற பெயரில் பன்னிரண்டு வயதிலும் ஏழெட்டு எத்தனை என்று விரல்விடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அது சுதந்திரம் இல்லை, பெற்றோரின் சோம்பல். பதினாறாம் வாய்ப்பாடு வரை ஆச்சியும் பேத்தியும் மாடிப்படியில் உட்கார்ந்து ராகம் போட்டுச் சொல்வார்கள், தெரு முழுக்கக் கேட்கும். குளவி உவமை பொய்யாய்ப் போன பிறகும் அது நிற்கவில்லை. ஆச்சி சொல்வதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று தெரிந்த பிறகு அவள் ஆச்சியிடம் இன்னும் ஒட்டிக்கொண்டாள். "இத யார் பாத்துச் சொன்னாங்க?" என்று எதற்கும் கேட்பாள். புராணத்துக்கும் கேட்பாள், மருந்துக்கும் கேட்பாள், நான் பிழைதிருத்தும் புத்தகத்துக்கும் கேட்பாள். வீட்டில் இருந்து அவள் கற்றது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

சட்டம் எங்களைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கிறது. 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காவிட்டால் பெற்றோருக்கு என்ன தண்டனை என்று சொல்லவில்லை, வீட்டில் வைத்துக் கற்பிக்கலாமா என்றும் சொல்லவில்லை. பரீட்சைக்கு வழி உண்டு. பன்னிரண்டரை வயது நிறைந்தால் தனித்தேர்வராக எட்டாம் வகுப்பு எழுதலாம், 14 ஆனால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. வழி இருந்தாலும் ஒருநாள் வட்டார வள மையத்திலிருந்து ஓர் ஆசிரியர் பட்டியலோடு வந்து வாசலில் நின்றார். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு. கல்வித்துறையின் எமிஸ் பதிவேட்டில் மகளை இடைநின்றவள் என்று காட்டுகிறதாம். அத்தைதான் கதவைத் திறந்தது. அதே பட்டியலோடு ஊர் ஊராக அலைந்தவர் தன் வீட்டு வாசலில் பட்டியலுக்கு உள்ளே நின்றார். வந்தவருக்கு மோர் கொடுத்து, பேத்தியின் குளவி நோட்டைக் காட்டி, ஏதேதோ சொல்லி அனுப்பிவைத்தார். என்னிடம் அன்றைக்கு அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஓர் ஏப்ரலில் மகள் சொன்னாள், ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர வேண்டும் என்று. தெருவில் கூட விளையாடும் பிள்ளைகள் எல்லாம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்குப் போகிறார்கள், அங்கே கபடி டீம் இருக்கிறது, லேப் இருக்கிறது. என்னிடம் இல்லாத இரண்டு. நான் வாதாடினேன். நன்றாகவே வாதாடினேன், ஹோல்ட் எல்லாம் வந்தார். "நீங்க ஸ்கூல் வேண்டாம்னு சொல்றீங்க, உங்களுக்கு வேண்டாம். நான் இன்னும் பாக்கவே இல்லையே, மூணாப்புதான பாத்தேன்" என்றாள். கூட்டை உடைக்கிற அதே ஊசி. என் கணவர் அன்றைக்கு எழுந்து வெளியே போய்விட்டார், சிரிப்பை அடக்க முடியாமல். ராத்திரி ஹரிலால் பற்றிய பக்கங்களை மறுபடி எடுத்துப் படித்தேன். லண்டன் கேட்ட பிள்ளைக்கு லண்டன் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. மோசமான பாரிஸ்டர் ஒருவர் கிடைத்திருக்கலாம். அது அவருடைய மோசமாக இருந்திருக்கும்.

வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும், டி.சி. இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. அதை நான் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. அத்தை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கூட வந்தார். தலைமையாசிரியை மேசையில் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "நடுவுல ரெண்டு மூணு வருஷம் காணோமேம்மா, எங்க படிச்சா?" என்றார். நான் வாயைத் திறக்கும் முன் அத்தை, "எங்கிட்டதான். நானும் ஹெச்.எம்.தான்" என்றார். அதன் பிறகு இரண்டு பேரும் பென்ஷன் பற்றியும், எந்த வருஷம் எந்த ஒன்றியத்தில் யார் ஏ.இ.ஓ.வாக இருந்தார் என்பது பற்றியும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மகள் சன்னல் ஓரமாகப் போய் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீருடைக்கு அளவு கொடுக்க வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். கபடிக்கு யாரிடம் பெயர் கொடுக்க வேண்டும் என்று அவளே போய்க் கேட்டுக்கொண்டு வந்தாள்.